பித்தப்பை யார் சொல்லிச் சுருங்குகிறது?

கேள்வி: எனக்கு 41 வயது. தஞ்சாவூர் அருகே ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். ஆறு மாதத்துக்கு முன் ஒரு கல்யாண விருந்துக்குப் போய்வந்த இரவு, மேல்வயிற்றில் வலி தொடங்கி வலது தோள்பட்டையின் பின்புறம் வரை பரவியது. மூன்று மணி நேரம் கழித்துத் தானாக அடங்கியது. ஸ்கேன் எடுக்கப் போனபோது, காலையில் காபி குடித்திருந்ததால் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுநாள் வெறும் வயிற்றோடு போய் எடுத்ததில், பித்தப்பையில் 9 மி.மீ. கல் ஒன்றும் சேறு போன்ற படிவும் இருப்பது தெரிந்தது. அறுவை சிகிச்சை செய்துகொள்ளச் சொன்னார்கள். பயந்துபோய் எண்ணெய், நெய், தேங்காய், முட்டை எல்லாவற்றையும் அடியோடு நிறுத்திவிட்டேன். காலை உணவும் சாப்பிடுவதில்லை. பித்தப்பைக்கு ஓய்வு கொடுத்தால் கல் கரைந்துவிடும் என்று நம்பினேன். ஆனால் சென்ற மாதம் ஏகாதசி விரதம் இருந்து, மறுநாள் பாரணையில் வீட்டார் வற்புறுத்தியதால் நெய் விட்ட பொங்கல் கொஞ்சம் சாப்பிட்டேன். ஒரு மணி நேரத்தில் அதே வலி. நான் என்ன சாப்பிட்டேன் என்பது பித்தப்பைக்கு எப்படித் தெரிகிறது? எடை குறைக்க ஊசி போட்டுக்கொள்ளும் என் தங்கைக்கும் கல் வருமா?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்களைத் திருப்பி அனுப்ப வைத்த அந்தக் காபியிலிருந்தே தொடங்குகிறேன். பித்தப்பை நிறைந்து விரிந்திருந்தால்தான் ஸ்கேனில் அதன் சுவரும் உள்ளே இருக்கும் கல்லும் தெளிவாகத் தெரியும். ஏதாவது சாப்பிட்டுவிட்டால் அது சுருங்கிவிடுகிறது. காபிக்கும் அதைச் சுருக்கும் குணம் உண்டு. பால் சேர்க்காத காபியும், காஃபீன் நீக்கிய காபியும்கூட அப்படித்தான் செய்கின்றன என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். நீங்கள் குடித்த ஒரு டம்ளர் காபி இரைப்பைக்குள் போனது. அதோடு நேரடித் தொடர்பு எதுவும் இல்லாமல் கல்லீரலின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் பித்தப்பை சுருங்கியது. உங்கள் கேள்வியும் இதேதான்: அதற்குச் செய்தி சொன்னது யார்?

கல்லீரல் இரவும் பகலும் பித்தநீரைச் சுரந்துகொண்டே இருக்கிறது. ஒரு நாளைக்கு 600 முதல் 1000 மி.லி. வரை சுரக்கும். ஆனால் கொழுப்பைச் செரிக்க உதவும் அது குடலுக்கு எல்லா நேரமும் தேவைப்படுவதில்லை. பித்தநாளம் முன்சிறுகுடலில் திறக்கும் இடத்தில் ஒரு சுருக்குத்தசை வாயில்போல இருக்கிறது. 1887-ல் அதை விரிவாக ஆராய்ந்து எழுதியவர், அப்போது மாணவராக இருந்த ருஜ்ஜேரோ ஓடி என்ற இத்தாலியர். அதனால் அது ஓடி தசை என்றே அழைக்கப்படுகிறது. சாப்பாட்டுக்கு இடைப்பட்ட நேரத்தில் இந்த வாயில் பெரும்பாலும் மூடியிருக்கும். அப்போது சுரக்கும் பித்தநீரில் பெரும்பகுதி மேலே ஏறிப் பித்தப்பைக்குள் சேர்கிறது. பை சிறியது, 30 முதல் 50 மி.லி. கொள்ளும். ஆனால் அதன் சுவர் தண்ணீரையும் உப்பையும் உறிஞ்சிக்கொண்டே இருப்பதால், உள்ளே இருக்கும் பித்தநீர் ஐந்து முதல் பத்து மடங்கு வரை கெட்டியாகிறது. அந்தக் கெட்டித்தன்மையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கல்லின் கதை அங்கேதான் தொடங்குகிறது.

குடலுக்கும் பித்தப்பைக்கும் இடையே இரண்டு வழிகளில் செய்தி போகிறது. ஒன்று நரம்பு. சாப்பாட்டின் மணம் மூக்கில் ஏறும்போதும், முதல் கவளத்தை மெல்லும்போதும், மூளையிலிருந்து இறங்கும் வேகஸ் நரம்பு பித்தப்பையை லேசாகச் சுருக்கிவிடுகிறது. இது முன்னறிவிப்பு மட்டுமே. முழு உத்தரவு இரத்தத்தின் வழியாக வருகிறது. 1928-ல் சிகாகோவில் ஆண்ட்ரூ ஐவி, எரிக் ஓல்ட்பெர்க் என்ற இருவர் இதைச் சோதித்துக் காட்டினார்கள். நாய்களின் இரத்த ஓட்டத்தை ஒன்றோடொன்று இணைத்துவிட்டு, ஒரு நாயின் குடலைத் தூண்டினார்கள். மற்ற நாயின் பித்தப்பை சுருங்கியது. இரண்டுக்கும் இடையே நரம்புத் தொடர்பு கிடையாது. அப்படியென்றால் இரத்தத்தில் ஏதோ ஒரு பொருள் செய்தியைச் சுமந்து போயிருக்க வேண்டும். அந்தப் பொருளுக்குக் கோலிசிஸ்டோகைனின் என்று பெயரிட்டார்கள். கிரேக்கச் சொற்களால் ஆன அந்தப் பெயருக்குப் பித்தப்பையை அசைப்பது என்று பொருள். நாங்கள் சுருக்கமாக சி.சி.கே. என்போம்.

இந்த ஹார்மோனைச் சுரக்கத் தனிச் சுரப்பி எதுவும் இல்லை. சிறுகுடலின் மேல்பகுதியில், உள்சுவரின் சாதாரண உயிரணுக்களுக்கு நடுவே ஆங்காங்கே ஐ-செல் என்ற உயிரணுக்கள் இருக்கின்றன. அவற்றின் நுனி குடலின் உட்பக்கம் நீட்டிக்கொண்டு, கடந்துபோகும் உணவைச் சுவைத்துப் பார்க்கிறது. சுவைத்து என்று நான் சொல்வது வெறும் உவமை அல்ல. கொழுப்பு அமிலத்தையும் சில அமினோ அமிலங்களையும் இனங்கண்டுகொள்ளும் ஏற்பிகள் அவற்றின் மேல் உண்மையாகவே இருக்கின்றன. இரைப்பை உணவைக் கூழாக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக முன்சிறுகுடலுக்குள் விடுகிறது. அங்கே கொழுப்பு உடைந்து கொழுப்பு அமிலமானதும், ஐ-செல் தன் மறுபக்கம் வழியாக சி.சி.கே.யை இரத்தத்தில் விடுகிறது.

அது பித்தப்பையின் தசையைச் சுருக்குகிறது. அங்கே போகும் வேகஸ் நரம்பின் நுனிகளையும் தூண்டி அந்தச் சுருக்கத்துக்கு வலுச் சேர்க்கிறது. அதே வேளையில் ஓடி தசையைத் தளர்த்துகிறது. மேலே பிழிவதும் கீழே வாயிலைத் திறப்பதும் ஒரே உத்தரவில் நடக்கின்றன. இத்தனை ஆண்டுகள் இந்தத் துறையில் இருந்தும் எனக்கு இதில் வியப்பு தீரவில்லை. கணையத்தைச் செரிமான நொதிகளைச் சுரக்கச் சொல்வதும் இதே ஹார்மோன்தான். இரைப்பையிடம் மெதுவாக அனுப்பு என்றும், மூளையிடம் போதும் என்றும் சொல்வதும் இதுவே. நெய் சேர்ந்த சாப்பாடு சீக்கிரமே திகட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம். சாப்பிட்ட கால் மணி நேரத்துக்குள் பித்தப்பை சுருங்கத் தொடங்குகிறது. கொழுப்புள்ள சாப்பாடாக இருந்தால், ஒரு மணி நேரம் ஆவதற்குள் உள்ளிருப்பதில் பாதிக்கும் மேல் குடலில் இறங்கிவிடும். ஹார்மோனின் அளவு இரத்தத்தில் சில மணி நேரம் உயர்ந்தே இருக்கும்.

எந்த உணவு எவ்வளவு சுருக்கும்? வெறும் சோறு மிகக் குறைவாகத்தான் சுருக்கும். கொழுப்பு மிக வலுவாகச் சுருக்கும். புரதம் இரண்டாவது இடம். எண்ணெயைத் தொடாத நாளிலும் கெட்டிப் பருப்போ சுண்டலோ நிறையச் சாப்பிட்டால் பித்தப்பை சுருங்கத்தான் செய்யும். தேங்காய் எண்ணெய் பித்தப்பைக்கு லேசானது என்று என்னிடம் வருபவர்கள் பலர் சொல்கிறார்கள். அது சரியல்ல. கொழுப்பு அமிலச் சங்கிலியில் கார்பன் அணுக்கள் 12 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஐ-செல் நன்றாகத் தூண்டப்படுகிறது. 10 இருந்தால் அவ்வளவாகத் தூண்டப்படுவதில்லை. தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழப் பாதி, 12 கார்பன் கொண்ட லாரிக் அமிலம். ஐ-செல்லுக்கு அதுவும் எண்ணெய்தான்.

வேறு சில ஹார்மோன்களும் இதில் சேர்ந்துகொள்கின்றன. செக்ரிட்டின் பித்தநாளத்திலும் கணையத்திலும் காரத்தன்மையுள்ள நீரைச் சுரக்கவைத்து, இரைப்பையிலிருந்து வரும் அமிலத்தைத் தணிக்கிறது. சொமாட்டோஸ்டாட்டின் எல்லாவற்றையும் அடக்கிவைக்கும். உங்கள் விஷயத்தில் முக்கியமானவை வேறு இரண்டு. ஒன்று மோட்டிலின். வயிறு காலியாக இருக்கும்போது, ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை இரைப்பையிலும் குடலிலும் ஒரு துப்புரவு அலை ஓடுகிறது. பசி நேரத்தில் வயிறு உறுமுகிறதே, அதுதான். அந்த அலையை எழுப்பும் மோட்டிலின் பித்தப்பையையும் கொஞ்சம் பிழிந்துவிடுகிறது. ஆகவே பட்டினி கிடக்கும்போதும் பித்தப்பை முழு ஓய்வில் இருப்பதில்லை. ஆனால் சாப்பாட்டுக்குப் பின் நடப்பதுபோல நன்றாகக் காலியாவதும் இல்லை.

மற்றது எஃப்.ஜி.எஃப். 19. பித்தநீரோடு குடலில் கொட்டிய பித்த அமிலங்களில் ஏறத்தாழ 95 சதவீதம் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் மீண்டும் உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்கே திரும்புகின்றன. அவை சிறுகுடலின் அந்தக் கடைசிப் பகுதிக்கு வந்து சேர்ந்ததும், குடல் இந்த ஹார்மோனை அனுப்புகிறது. அது கல்லீரலிடம் புதிதாகப் பித்த அமிலம் தயாரிப்பதைக் குறைக்கச் சொல்கிறது. பித்தப்பையைத் தளர்த்தி மீண்டும் நிரம்ப விடுகிறது. பித்தப்பை தளர்ந்து நிரம்புவதற்கும் ஒரு ஹார்மோன் தேவைப்படுகிறது என்பது இந்த நூற்றாண்டில்தான், 2006-ல் எலிகளில் நடந்த ஆய்வில் தெரியவந்தது.

இனி உங்கள் பாரணைக்கு வருவோம். ஏகாதசி அன்று முழுவதும் சி.சி.கே. ஏறக்குறைய எழவே இல்லை. பித்தப்பை நிரம்பி, பித்தநீர் கெட்டியாகி, பை விரிந்து நின்றது. மறுநாள் நெய்ப்பொங்கல் குடலில் இறங்கியது. பொங்கலில் நெய்யோடு பாசிப்பருப்பும் இருக்கிறது. இரண்டுமே ஐ-செல்லைத் தூண்டுபவை. நிறைந்த பை அழுத்திப் பிழிந்தபோது கல் பித்தப்பையின் கழுத்தில் போய் உட்கார்ந்திருக்க வேண்டும். வழி அடைபட்ட பையின் சுவரில் இழுவிசை ஏறியது. அதுதான் வலி. பிறகு ஹார்மோன் தணிந்து, தசை தளர்ந்து, கல் கழுத்தை விட்டு விலகியதும் வலி விட்டது. இதைப் பித்தப்பைச் சூலை என்பார்கள். சூலை என்றாலும் இது விட்டுவிட்டு வருவதில்லை. ஏறி, ஒரே நிலையில் நின்று, சில மணி நேரம் கழித்து இறங்குகிறது. உங்களுக்கு இரு முறையும் வந்தது பாடப்புத்தகத்தில் எழுதியிருப்பது போலவே இருக்கிறது.

ஓய்வு கொடுத்தால் கல் கரையும் என்ற உங்கள் நம்பிக்கை எனக்கு நன்றாகப் புரிகிறது. கை முறிந்தால் அசைக்காமல் வைக்கிறோம். அதே நியாயத்தை இங்கும் பொருத்தியிருக்கிறீர்கள். ஆனால் பித்தப்பைக்கு அந்த நியாயம் செல்லாது. தீவிர சிகிச்சைப் பிரிவில் வாய்வழி உணவே இல்லாமல் வாரக்கணக்கில் இரத்தக்குழாய் வழியாக மட்டுமே ஊட்டம் பெறும் நோயாளிகளைப் பாருங்கள். அவர்கள் குடலுக்குள் உணவு போவதில்லை, ஆகவே சி.சி.கே. எழுவதில்லை. பித்தப்பைக்கு அதைவிடப் பெரிய ஓய்வு கிடைக்காது. அவர்களுக்குத்தான் சில வாரங்களிலேயே பித்தப்பையில் சேறு படிகிறது. கர்ப்ப காலத்தில் புரோஜெஸ்டிரோன் பித்தப்பையின் தசையைத் தளர்த்துவதாலும் இதேபோலச் சேறும் கல்லும் உண்டாகின்றன. பெண்களிடம் இந்த நோய் அதிகமாக இருப்பதற்கு இது ஒரு காரணம். தேங்கி நிற்கும் பித்தநீரில் கொலஸ்ட்ரால் படிகமாகி, பையின் சுவரிலிருந்து வரும் சளியில் சிக்கி, சேறாகி, பிறகு கல்லாகிறது. உங்கள் அறிக்கையில் கல்லோடு சேறும் இருக்கிறது. கடந்த ஆறு மாதமாக எண்ணெயில்லாத சாப்பாட்டாலும், இரவு உணவிலிருந்து மறுநாள் மதியம் வரை நீளும் பட்டினியாலும் அந்தச் சேறு கூடியிருக்கவே வாய்ப்பு அதிகம்.

சுருங்கினால் வலிக்கிறது, சுருங்காவிட்டால் கல் சேர்கிறது என்றால் நான் என்னதான் செய்வது என்று நீங்கள் கேட்பீர்கள். கல் இல்லாதவருக்கு, ஒழுங்கான நேரத்தில் அளவான கொழுப்போடு சாப்பிட்டுப் பித்தப்பையைச் சுருங்க விடுவது பாதுகாப்பு. கல் வந்து, அது வலியும் கொடுக்கத் தொடங்கிவிட்ட பிறகு, சாப்பாட்டால் மட்டும் இந்த முரணைத் தீர்க்க முடியாது. வலி இல்லாமல் தற்செயலாக ஸ்கேனில் தெரியும் கல்லைப் பெரும்பாலும் நான் தொடாமல் விட்டுவிடச் சொல்வேன். உங்கள் நிலை அது அல்ல. ஒரு முறை இந்த வலி வந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரண்டு ஆண்டுக்குள் மறுபடி வருகிறது, உங்களுக்கு வந்தும்விட்டது. சேறும் சிறு துகள்களும் நாளத்துக்குள் நழுவினால் கணைய அழற்சி வரலாம். அது உயிருக்கே ஆபத்தானது. ஆகவே உங்களுக்குச் சொல்லப்பட்ட அறுவை சிகிச்சை சரியான ஆலோசனை. தள்ளிப்போடாதீர்கள்.

கரைக்கும் மாத்திரை இல்லையா என்றால், இருக்கிறது. அர்சோடியாக்சிகோலிக் அமிலம் என்று பெயர். சுண்ணாம்பு படியாத சிறிய கொலஸ்ட்ரால் கல்லாக இருந்து, பித்தப்பையும் நன்றாகச் சுருங்கினால் அது ஓரளவு வேலை செய்யும். ஆனால் மாதக்கணக்கில் விழுங்க வேண்டும். கரைந்தவர்களிலும் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஐந்து ஆண்டுக்குள் கல் திரும்புகிறது. நம் பக்கத்துக் கற்களில் கொலஸ்ட்ரால் கல்லை விட, பித்தநீரின் நிறமி படிந்து உண்டாகும் நிறமிக் கல் அதிகம். அதற்கு இந்த மாத்திரை பயன்படாது. வாழைத்தண்டுச் சாறு என்று யாராவது சொன்னால், அது சிறுநீரகக் கல்லுக்குச் சொல்லப்படும் வழி என்று நினைவுபடுத்துங்கள். சிறுநீர் போகும் பாதை வேறு, பித்தநீர் போகும் பாதை வேறு. எனக்கு உண்மையிலேயே கவலை தருவது, அரை டம்ளர் ஆலிவ் எண்ணெயில் எலுமிச்சைச் சாறு கலந்து இரவில் குடிக்கச் சொல்லிக் கைப்பேசியில் சுற்றும் செய்தி. அவ்வளவு எண்ணெய் ஒரே நேரத்தில் குடலில் இறங்கினால் எவ்வளவு சி.சி.கே. பாயும் என்று இப்போது உங்களுக்கே தெரியும். கல்லை நாளத்துக்குள் தள்ளிவிட அதைவிட வேறு என்ன வேண்டும்? மறுநாள் மலத்தில் வரும் பச்சை உருண்டைகள் கல் அல்ல; அந்த எண்ணெயே குடலில் சோப்பாகத் திரண்டவை. மஞ்சள் மாத்திரைகளும் வேண்டாம். குர்குமின் பித்தப்பையைச் சுருக்கும். குழம்பில் போடும் மஞ்சள் தூளைப் பற்றி நான் சொல்லவில்லை. அதைத் தாராளமாகப் போடுங்கள்.

பித்தப்பையை எடுத்துவிட்டால் கொழுப்பு எப்படிச் செரிக்கும் என்ற பயம் உங்களுக்கு இருக்கலாம். பித்தநீரைத் தயாரிப்பது கல்லீரல். அது அப்படியேதான் இருக்கிறது. சாப்பிட்டதும் சி.சி.கே. வழக்கம்போல எழும், ஓடி தசையைத் திறக்கும், கணையத்தைத் தூண்டும். இருப்பு வைத்துக் கெட்டியாக்கும் இடம் மட்டும் இருக்காது. பித்தநீர் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே இருக்கும். சிலருக்குச் சில வாரம் மலம் இளகிப் போகும். பெரும்பாலோர் ஓரிரு மாதத்தில் வீட்டில் மற்றவர்கள் சாப்பிடுவதையே சாப்பிடுகிறார்கள்.

உங்கள் தங்கை விஷயத்தில் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எடை குறைக்கத் தரப்படும் செமாகுளுடைட், லிராகுளுடைட் போன்ற ஊசிகள், ஜி.எல்.பி. 1 என்ற இன்னொரு குடல் ஹார்மோனைப்போல வேலை செய்பவை. அவை பசியைக் குறைப்பதோடு, பித்தப்பையின் சுருக்கத்தையும் மந்தப்படுத்துகின்றன. இந்த மருந்துகளைப் போட்டுக்கொள்பவர்களுக்குப் பித்தப்பை நோய் கூடுகிறது என்பது ஆய்வுகளில் உறுதிப்பட்டிருக்கிறது. மருந்தோடு வரும் குறிப்புத் தாளிலும் எச்சரிக்கை இருக்கிறது. இதற்கு மேல், எடை வேகமாக இறங்கும்போது உடலின் கொழுப்பிலிருந்து கொலஸ்ட்ரால் கிளம்பிப் பித்தநீரில் சேர்கிறது. அந்த நேரத்தில் எண்ணெயையும் நிறுத்திவிட்டால், கெட்டியான பித்தநீர், அதில் மிகுந்த கொலஸ்ட்ரால், சுருங்காத பை என்று மூன்றும் சேர்ந்துவிடும். ஆகவே அவர் ஊசியைப் பயந்து நிறுத்த வேண்டாம். தானாக அளவைக் கூட்டவும் வேண்டாம். வாரத்துக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் எடை இறங்கினால் மருத்துவரிடம் சொல்லட்டும். தினமும் ஒரு வேளையாவது ஏறத்தாழ 10 கிராம் கொழுப்பு, அதாவது இரண்டு தேக்கரண்டி எண்ணெயின் அளவு, ஒரே சாப்பாட்டில் சேர்ந்திருக்க வேண்டும். பித்தப்பை நன்றாகக் காலியாக ஏறத்தாழ அவ்வளவு தேவை. எடை மிக வேகமாக இறங்குபவர்களுக்கு, நான் மேலே சொன்ன அதே அர்சோடியாக்சிகோலிக் அமிலத்தைக் கல் வராமல் தடுக்கத் தருவது உண்டு. அது பற்றியும் அவர் கேட்டுக்கொள்ளலாம்.

அறுவை சிகிச்சை நடக்கும் நாள் வரை உங்களுக்கு என் ஆலோசனை இதுதான். காலை உணவை நாளையிலிருந்தே தொடங்குங்கள். இரண்டு இட்லியும் சாம்பாரும் போதும். எண்ணெயை அடியோடு ஒதுக்காமல், ஒவ்வொரு வேளைக்கும் ஒரு தேக்கரண்டி என்று பிரித்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். இரவு உணவை எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். கல்யாண விருந்து, பிரியாணி, வடை பஜ்ஜி போன்று ஒரே வேளையில் எண்ணெய் குவியும் சாப்பாடு சிகிச்சை முடியும் வரை வேண்டாம். விரதத்தையும் அதுவரை தள்ளிவையுங்கள். விட முடியாது என்றால் பால், பழம் எடுத்துக்கொண்டு இருங்கள், பாரணையில் கஞ்சியும் அகத்திக்கீரையும் போதும், நெய் வேண்டாம்.

வலி ஐந்தாறு மணி நேரத்துக்கு மேல் நீடித்தாலோ, காய்ச்சலோ குளிரோ சேர்ந்தாலோ, கண் மஞ்சளானாலோ, சிறுநீர் கறுத்து மலம் வெளுத்தாலோ, வலி முதுகை ஊடுருவி வாந்தி நிற்காமல் போனாலோ, அது இரவானாலும் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். மேல்வயிற்று வலியோடு வியர்வையோ மூச்சுத்திணறலோ இருந்தால், கல் இருப்பது தெரியும் என்று நீங்களாகவே முடிவு செய்துகொள்ளாமல் முதலில் ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்லுங்கள். அறுவை சிகிச்சை நிபுணரைப் பார்க்கப் போகும்போது பழைய ஸ்கேன் அறிக்கையை எடுத்துச் செல்லுங்கள். ஆறு மாதம் ஆகிவிட்டதால் அவர் புதிதாக ஒன்று எடுக்கச் சொல்லக்கூடும். முடிந்தால் காலையிலேயே நேரம் வாங்கிக்கொள்ளுங்கள், காபி இல்லாமல் அதிக நேரம் காத்திருக்க வேண்டியிருக்காது.